அப்பா கன்னடத்தில் கேட்ட லீவு

ஷிப்ட் முடிந்து வரும்போது அப்பா ஃபேக்டரி கேட்டில் தலையை இடித்துக்கொண்டார், லேசான வீக்கம்தான். சாயங்காலம் இரண்டு முறை வாந்தி எடுத்தார். "வெயில்தான்டி, மோர் குடிச்சிட்டுப் படுக்கட்டும்" என்றாள் அம்மா.

நான் தண்ணீர் நீட்டியதும் அப்பா கன்னடத்தில், சூப்பர்வைசரிடம் கேட்பதுபோல் என்னிடம் லீவு கேட்டார். "பாரு, மகளையே ஆபீசராக்கிட்டாரு!" என்று சித்தப்பா சிரித்தார். எங்கள் ஓசூரில் மூன்று பாஷை கலந்து பேசுவது யாருக்கும் புதிதல்ல. ஆனால் அப்பா என்னிடம் தமிழைத் தவிர எதுவும் பேசியதில்லை. அவருக்கு என்னையே தெரியவில்லை.

"வாந்தி எடுத்தாரு, இப்ப ஆளும் தெரியல. தலைக்குள்ள அடி, சித்தப்பா! படிச்சவ சொல்றேன், டெம்போ கொண்டாங்க!" என்று கத்தினேன். வீட்டில் பள்ளிக்கூடம் போனவள் நான் மட்டும்தான். சித்தப்பா ஓடினார். அப்பா என்னைக் கும்பிட்டபடியே சுவரில் சரிந்தார்.