பிடியரிசி குறைந்த கலயம்

கொதிக்கிற சோற்றுப்பானையைப் பிடிதுணி இல்லாமல் இறக்கி வைத்துவிட்டு, "சுடவே இல்லட்டி" என்று அம்மை சிரித்தாள். அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்குள் பயம் வந்தது. 1953-ஆம் வருஷம், ஆனி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்கள்.

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா இறந்தபின் அம்மையும் நானும்தான். பள்ளி இறுதி வகுப்பு முடித்து ஆசிரியைப் பயிற்சிக்குக் காத்திருந்தேன். எதை வாசித்தாலும் உடனே செய்து பார்க்கவேண்டும் எனக்கு. அந்தக் குணம் செய்த காரியத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பள்ளியில் கொடுத்த துண்டுப் பிரசுரம் ஒன்றில், குஷ்டம் வந்தால் தோல் மரத்துப்போகும், கண்ணைக் கட்டித் தொட்டுப் பார்த்தால் தெரியும் என்று போட்டிருந்தது. அம்மையின் கண்ணைத் துண்டால் கட்டினேன். சட்டையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து வலது ஆள்காட்டி விரலில் வைத்தேன்.

"எங்க தொடுதேன், சொல்லு?"

"நீ இன்னும் தொடவே இல்லியே, மக்கா."

குத்தினேன். இன்னும் ஆழமாகக் குத்தினேன். ரத்தம் வந்தது.

"என்னட்டி, விளையாடுதியா? தொடு" என்றாள் அம்மை.

கட்டை அவிழ்த்துவிட்டு, அது குஷ்டம்தான் என்று அவளிடம் சொன்னேன். எவ்வளவு துணிச்சல் பாருங்கள்! அம்மை அழவில்லை. "வெளிய சொல்லாத. ஒன்ன ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுத்துட்டா, பெறகு என்னைய எங்க வேணும்னாலும் கொண்டு போடு" என்றாள். வேதப்புத்தகத்தின்மேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

எல்லாரும் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் குடிப்பதால் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு முன்பே கோயிலைவிட்டு எழுந்து வந்துவிட்டாள். எங்கள் சபைப் பெண்கள் உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து, கோயிலுக்கென்று வீட்டில் வைத்திருக்கும் கலயத்தில் போடுவார்கள். அதையும் அம்மை நிறுத்தினாள். "இந்தக் கை பட்ட அரிசி ஆண்டவருக்கு வேண்டாம். நீ போடு" என்றாள். நான் போட்டேன்.

நாலாம் நாள் விரல் வீங்கியது. பிறகு உள்ளங்கை. சீழ் நாற்றம் வந்தது, அம்மைக்குக் காய்ச்சல் கொதித்தது, வலிதான் அவ்வளவாக இல்லை. வலிக்காததினால் அதுவும் அந்த நோய்தான் என்று நினைத்தோம். பச்சிலை அரைத்துக் கட்டியே களைத்துப்போனேன். ஒரு சனிக்கிழமை காலை அடுப்படியில் முழங்கால்படியிட்டேன். "ஆண்டவரே, நான் சத்தியம் பண்ணிவிட்டேன். நீரே யாரிடமாவது சொல்லும்." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

மத்தியானத்துக்குமுன் பிடியரிசி வாங்கும் தங்கம்மை அக்கா வந்தாள். கலயத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏ பிள்ளே, கோயில் அரிசியில களவாணியா? கழுத்துவரைக்கும் நிக்கும், இப்பம் பாதிதான் இருக்கு!"

"நான்தான் போட்டேன், அக்கா."

"அதான பாத்தேன். இது ஒனக்க சின்னப் பிடி. அம்மைக்க கை எங்க போச்சு?"

நான் வாசலை மறித்து நின்றேன். அக்கா என்னை விலக்கிவிட்டு உள்ளே போனாள். சேலை முந்தானைக்குள் அம்மை ஒளித்துவைத்திருந்த கையை இழுத்துப் பார்த்தாள். "பாவி மக்களே!" என்று ஒரு சத்தம். அடுத்த பஸ்ஸில் அம்மை அவள் தோளில் சாய்ந்திருந்தாள்.

மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா ஒரு குழாயில் நீல மருந்தை ஊற்றி, அம்மையின் சிறுநீர் சில துளி விட்டுக் காய்ச்சினார். செங்கல் நிறமானது. "இது குஷ்டம் இல்ல. நீரிழிவு. வருஷக்கணக்கா இருந்திருக்கு. அதுலயும் கை மரத்துப்போகும். சின்னக் காயம் பட்டாலும் இப்படிச் சீழ் ஏறும். எதுவும் குத்திச்சா?"

"ஊக்கு. நான்தான்" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ நீலப் பென்சிலால் அம்மையின் மணிக்கட்டுக்கு மேலே ஒரு கோடு போட்டார். "கையில ஏறுற சிவப்பு இதைத் தாண்டினா கையை எடுக்கணும்."

உள்ளங்கையைக் கீறிச் சீழை வடித்தார்கள். பென்சிலின், இன்சுலின் என்று ஊசிமேல் ஊசி. அழுகின விரலில் இரண்டு கணுவை எடுத்தார்கள். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டைப் பார்ப்பதே ஜெபமாயிற்று. முதல் நாள் சிவப்பு கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது. இரண்டாம் நாள் கோட்டைத் தொட்டது. மூன்றாம் நாள் காலை, துணியை அவிழ்த்த நர்ஸ் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். சிவப்பு கீழே இறங்கியிருந்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வீடு திரும்ப ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. இப்போது ஊசியைக் கொதிக்கவைத்து அம்மைக்குத் தினமும் இன்சுலின் போடுகிறவள் நான். ஒவ்வொரு தடவையும் அந்த ஊக்கு நினைவுக்கு வருகிறது. வரட்டும். அளந்த சோறுதான் அம்மைக்கு. அடுப்பில் கைவைக்க விடுவதில்லை. துணிப்பந்தை வைத்து விரல்களை மடக்கி நீட்டப் பழக்குகிறேன். எனக்கு அலுப்புத்தான். அவளுக்கும் அலுப்புத்தான்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் முந்தானைக்குள் ஒளித்த கை இருக்கலாம். ஆண்டவரிடம் சொல்லுங்கள். யாரையாவது அனுப்புவார். வருகிறவரோடு தாமதிக்காமல் பஸ் ஏறுங்கள்.

போன சனிக்கிழமை அக்கா கலயத்தைப் பார்த்தாள். "இப்பமும் கொறவுதான்" என்றாள். அம்மை தன் வலது கையை அரிசிப்பானைக்குள் விட்டு, மடங்காத விரல்களின் இடுக்கில் பாதி சிந்தச் சிந்த, இன்னொரு பிடி அள்ளிப் போட்டாள்.