அக்கா தராத ரத்தம்

2006-ஆம் வருடம், பெங்களூரு ஈஜிபுராவில் நாங்கள் வாடகைக்கு இருந்தபோது நடந்தது இது. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கல்யாணமாகி ஏழு வருடம். 'இன்னும் விசேஷம் இல்லையா?' என்று என்னிடம் கேட்காதவர் எங்கள் தெருவில் பால்காரர் ஒருவர்தான். உண்மையில் நாங்கள்தான் பயந்துபோய்த் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தோம். அம்மா நாற்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோயில் போய்விட்டார். அம்மாவுக்குப் பிறகு என்னை வளர்த்த அக்காவுக்கும் முப்பத்தெட்டில் அதே நோய். அடுத்தது நான், எனக்குப் பிறகு என் வயிற்றில் பிறப்பது என்று நினைத்து நினைத்தே வயது ஏறியது.

ஆனால் ஆசை விடுமா? பக்கத்து வீட்டுக் குழந்தையின் சட்டை மாடிக் கொடியில் காய்ந்தால், மடித்துக் கொடுக்கும் சாக்கில் அதை முகர்ந்து பார்ப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போன ஒருநாள் டாக்டரிடம் கேட்டே விட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். இது பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறாக இருக்கலாம். அப்படியானால், கருவை வெளியே உருவாக்கி, கோளாறு இல்லாததாகப் பார்த்துக் கர்ப்பப்பையில் வைக்கும் முறை வெளிநாடுகளில் வந்துவிட்டது. ஆனால் முதலில் நோய் வந்தவரின் ரத்தத்தில் அந்தக் கோளாறு எதுவென்று கண்டுபிடிக்க வேண்டும். அது தெரியாமல் என் ரத்தத்தைச் சோதித்து, ஒன்றும் இல்லை என்று வந்தாலும் நம்பிவிட முடியாதாம்.

ஆக, அக்காவின் ரத்தம் வேண்டும். இவ்வளவுதானே! எனக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள், ஒரு குப்பி ரத்தம் தரமாட்டாளா? சனிக்கிழமை வருகிறேன் என்றாள். காலையிலிருந்து மத்தியானம் வரை ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். வரவில்லை. வந்த கோபத்தில் நேராக அக்கா வீடு இருக்கும் ஹெப்பகோடிக்கு பஸ் ஏறினேன்.

அக்கா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கீமோவில் முடி கொட்டியதைத் தெருவில் திருப்பதி மொட்டை என்று சொல்லி வைத்திருந்தாள். அவள் மகள் காலேஜுக்குப் போயிருந்தாள்.

"வர்றேன்னு சொல்லிட்டு இப்படிப் பண்ணா எப்படிக்கா?"

"ரத்தம் குடுக்க எனக்கென்னடி, கொடம் கொடமா எடுத்துக்கோ. ஆனா இது பரம்பரையா வர்றதுன்னு என் பேரைப் போட்டு எழுதிடுவாங்களே! அது வெளிய தெரிஞ்சா எம் பொண்ண எவன் கட்டுவான்?"

"அவளுக்குக் கல்யாணம் ஆகணும், எனக்கு மட்டும் புள்ள வேணாமா?"

"பெத்துக்கோயேன், யாரு வேணாம்னது? அம்மா இப்படிப் பாத்துப் பொறுக்கியிருந்தா நானே பொறந்திருக்க மாட்டேன். அப்புறம் உன்னை இடுப்புல தூக்கிட்டு அலைஞ்சிருக்கறது யாராம்?"

யாராவது மடக்கிவிட்டால்தான் எனக்கு வாய் நீளும். "சரி, உன் ரத்தத்த நீயே வெச்சுக்கோ. போறப்போ கூடவே எடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டேன். பாவி நான், சொல்லியே விட்டேன். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "சாப்ட்டுட்டுப் போடி" என்றாள். சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

எட்டு மாதத்தில் அக்கா போய்ச் சேர்ந்தாள். கடைசி நாட்களில் கூடவே இருந்து குளிப்பாட்டினேன், தலை துவட்டினேன். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. சோதனையும் நடக்கவில்லை, எங்களுக்குத் துணிச்சலும் வரவில்லை. 'எனக்கு நீ, உனக்கு நான், போதும் விடு' என்பார் என் கணவர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டார்.

மூன்று வருடம் கழித்து அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பல காலமாக அல்சூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம், நல்ல இடம். அக்கா உட்கார வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். பையனின் அம்மா தங்கமான மனுஷி. தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. பொண்ணோட அம்மா எதனால தவறினாங்க?"

அக்காவின் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன். பட்டுப்புடவையில் காபித் தட்டோடு நின்றிருந்தாள் பெண். அப்படியே அக்கா ஜாடை.

"மூளைக் காய்ச்சலுங்க. நாலே நாள்ல போய்ட்டாங்க" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அய்யோ, கேக்கவே பேஜாரா இருக்கும்மா, மனசே கஷ்டமாயிடுச்சு" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மூன்று வருடமாக மனதுக்குள் அக்காவை எத்தனை திட்டியிருப்பேன்! நியாயம் பேசிய நான், என் முறை வந்ததும் என்ன செய்தேன்?

கல்யாணம் நடந்தது. நான் செய்தது சரியென்று சொல்லமாட்டேன். அந்தப் பெண்ணிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லி, வருடம் தவறாமல் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். எனக்கென்று ஒரு பிள்ளை வேண்டும் என்ற ஆசை இன்னும் அடங்கவில்லை. ஆனால் அதைவிடவும், 'உன் இடத்துல உக்காந்து பாத்தேன்க்கா, நானும் அதையேதான் பண்ணேன்' என்று அக்காவிடம் ஒரே ஒரு தடவை சொல்லிவிட மாட்டோமா என்றுதான் தினமும் ஏங்குகிறேன்.