ஆத்தாவுக்கு வழி விட்டவர்கள்

இப்போதெல்லாம் ஒரு குழந்தை காணாமல் போனால், தேட ஆரம்பிப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. போன மாதம் எங்கள் நெல்லித்தோப்பு வாட்சப் குழுவில் ஒரு சிறுவனின் படம் வந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளை, கேட் திறந்திருந்த நேரம் பார்த்து வெளியே போய்விட்டான், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், கண்டால் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அதற்கு வந்த முதல் பதில்: "பெத்தவங்க இன்னா பண்ணிக்கினு இருந்தாங்க?" அந்தப் பதிலுக்குக் கட்டைவிரல் தூக்கியவர்கள் ஏராளம். அதே ஆட்கள் காலையும் கொஞ்சம் தூக்கித் தெருமுனை வரை போய்ப் பார்த்திருக்கலாம். பையன் கிடைத்துவிட்டான். அரியாங்குப்பம் பாலத்தருகே நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். நான் குழுவுக்கு நீளமாக ஒரு பதில் எழுதி, நான்கு முறை திருத்தி, கடைசியில் அழித்துவிட்டேன். ஐம்பதைத் தாண்டிய எழுத்தாளனுக்குக் கோபத்தில்கூட நடை சரியாக இருக்க வேண்டும். என்ன பிழைப்போ.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். பேச்சு கிடையாது. உதடு மூடி 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகுவாள். மகிழ்ச்சி வந்தால் இரண்டு கைகளையும் ஈரம் உதறுவதுபோல உதறுவாள். இன்று அதற்கொரு பெயர் இருக்கிறது. அன்று எங்கள் தெருவில் இருந்த பெயர்களை இங்கே எழுதினால் அச்சகத்தில் கையைக் கழுவ வேண்டியிருக்கும். அவளுக்குத் தண்ணீர் என்றால் உயிர். குழாயடி, தொட்டி, மழைக் குட்டை எதுவானாலும் சரி. ஒருமுறை பெரிய வாய்க்காலின் கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்திருந்தவளை யாரோ இறக்கிக் கொண்டுவந்து விட்டார்கள்.

அதனால் அம்மா வெளியே போனால் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்த கையை விடவே மாட்டாள். மிச்சமிருந்த ஒரு கையால்தான் அவளுடைய உலகம் நடந்தது. காய்கறி வாங்குவது, பஸ் கம்பியைப் பிடிப்பது, கல்யாண வீட்டில் தாம்பூலம் வாங்குவது எல்லாம் ஒற்றைக் கைதான். சொந்தக்காரர்கள் இதற்குக் கண்டுபிடித்த விளக்கம், அம்மாவுக்குத் திமிர் என்பது.

நான் இரண்டாம் வகுப்பு படித்த வருஷம் மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனோம். தலைமை தாங்கியவர் பெரியப்பா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் 'சொல்தா'. போர்க்களத்தைப் பார்த்தாரா என்பது தெரியாது. எங்கள் குடும்பத்தைப் போர்க்களமாக நடத்தினார். "அலே! அலே!" என்று அவர் கையை வீசினால் நாங்கள் நடக்க வேண்டும். அக்காவுக்குப் பேச்சு வர வேண்டும் என்று பெரியம்மா வேண்டிக்கொண்டு, மஞ்சள் பாவாடை கட்டிவிட்டு, கழுத்தில் வேப்பிலை மாலையும் போட்டிருந்தாள். தலையில் சீப்பு பட்டாலே அக்கா அலறுவாள் என்பதால் முடி விரிந்து கிடந்தது. இதையெல்லாம் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் டிராக்டரிலும் லாரியிலும் வந்து கடலைப் பார்த்து வரிசையாக நின்றிருந்தன. ஒரு சாமிக்குத் தீபாராதனை முடிந்து, பூசாரி தேங்காய் மூடியும் பூவுமாகப் பிரசாதத்தை நீட்டினார். அம்மா வழக்கம்போல ஒரு கையை நீட்டினாள்.

பெரியம்மாவுக்கு வந்ததே கோபம். "சாமி பிரசாதத்த ஒத்தக் கையாலயா வாங்குவ? ரெண்டு கையையும் நீட்டுடி. இந்தத் திமிருக்குத்தான் ஆண்டவன் உனக்கு இப்படி ஒண்ணக் குடுத்திருக்கான்."

பூசாரி பார்த்தார். பின்னால் நின்ற வரிசை பார்த்தது. அம்மா இரண்டு கைகளையும் நீட்டினாள். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பினாள். அக்கா இல்லை.

"அவ தண்ணிகிட்டதான் போயிருப்பா" என்றாள் அம்மா உடனே.

"நீ வாய மூடு" என்றார் பெரியப்பா. "வுட்டதும் நீ, யோசன சொல்றதும் நீயா? புள்ளைங்கன்னா பொம்மக் கடையிலயும் ராட்டினத்துலயும்தான் நிக்கும். அலே!" என்று அப்பாவை ராட்டினத்துக்கும் சித்தப்பாவை மிட்டாய்க் கடைகளுக்கும் அனுப்பினார். அவர் மட்டும் மைக் மேடைக்குப் போனார். சற்று நேரத்தில் ஒலிபெருக்கி அக்காவின் பெயரைச் சொல்லி, "பாப்பா, நீ எங்க இருந்தாலும் பயப்படாம மேடைக்கு வந்து உங்கப்பா பேரச் சொல்லும்மா" என்று அழைத்தது. பக்கத்தில் உட்கார்ந்து காதோரம் கூப்பிட்டாலே திரும்பாதவளை, பேச்சு வரவேண்டும் என்று வேண்டுதலுக்கு அழைத்து வந்தவளை, மேடைக்கு வந்து பெயர் சொல்லச் சொன்னார்கள்! சொல்லியிருந்தால் தேங்காயே உடைத்திருக்கலாம்.

அம்மா பிரசாதத்தை மணலில் போட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு கடலைப் பார்த்து ஓடினாள்.

கரையோரம் கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதை உண்டாகியிருந்தது. அதன் நடுவில் அக்கா நடந்துகொண்டிருந்தாள். விரிந்த முடி, மஞ்சள் பாவாடை, வேப்பிலை, முனகல், உதறும் கைகள். கடலைப் பார்த்த மகிழ்ச்சியில் தலையையும் ஆட்டிக்கொண்டிருந்தாள். யாரோ நெற்றி நிறையக் குங்குமம் அப்பியிருந்தார்கள்.

"அங்காளம்மா வந்துட்டா! ஆத்தாவுக்கு வழி வுடுங்க, ஆத்தா குளிக்கப் போறா!"

ஒருத்தி குடத்து நீரை அவள் காலில் ஊற்றினாள். இன்னொருத்தி குறுக்கே விழுந்து கும்பிட்டு, "தாயி, எம்மவளுக்கு இந்த வருசம் கல்யாணம் ஆவுமா?" என்று கேட்டாள்.

"ம்ம்ம்" என்றாள் அக்கா.

"ஊம்னுட்டா! ஆத்தா ஊம்னுட்டா!" என்று அந்த அம்மாள் அழுதாள். விசில் வைத்திருந்த ஒரு தொண்டர், அதுவரை முழங்கால் தண்ணீரில் நின்ற பிள்ளைகளையெல்லாம் காதைத் திருகிக் கரையேற்றிக்கொண்டிருந்தவர், விசிலைக் கீழே இறக்கிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தனை பேரில் ஒருவர்கூட, இது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை. சாமிக்கு ஏது வீடு?

எங்கள் ஊர்க் கடல் நம்பிக்கைக்கு உரியதல்ல. முழங்கால்தானே என்று அடுத்த அடி வைத்தால் கழுத்தளவு இருக்கும். அக்கா அந்த அடியையும் வைத்தாள். கூட்டம் கோவிந்தா போட்டது.

"விடுங்க, அது என் பொண்ணு!" என்று அம்மா உள்ளே புகப் பார்த்தாள். இரண்டு ஆட்கள் கைகோத்து மறித்தார்கள். "எட்ட நில்லும்மா. சாமி குளிக்கசொல்ல குறுக்க போவாத." அம்மா ஒருவனின் கையைக் கடித்தாள். நான் பார்த்தேன், நிஜமாகவே கடித்தாள். அவன் அலறிப் பிடியை விட்டதும் தண்ணீருக்குள் விழுந்து ஓடினாள். அதற்குள் ஓர் அலை வந்து போயிருந்தது. அக்கா இருந்த இடத்தில் வேப்பிலை மட்டும் மிதந்தது. அம்மா மூழ்கினாள், எழுந்தாள், மறுபடி மூழ்கினாள். அடுத்த அலை இருவரையும் சேர்த்து மணலில் எறிந்தபோது அக்காவின் முடி அம்மாவின் கையில் சுற்றியிருந்தது. அக்கா உப்புத் தண்ணீராகக் கக்கினாள். பிறகு மூச்சு வந்தது.

"சாமிய மயிரப் புடிச்சா இழுப்பாங்க? உருப்படுவியா நீ?" என்று யாரோ கத்தினார்கள்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "இது சாமி இல்ல. என் பொண்ணு. இவளுக்கு நீச்சல் தெரியாது."

குங்குமம் கரைந்த முகத்தையும், வாயோரம் வழிந்த எச்சிலையும் அப்போதுதான் கூட்டம் பார்த்தது. "அட, பைத்தியமா" என்று கலைந்தது. காலில் விழுந்தவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் விசாரணை. பெரியம்மா எல்லோரிடமும் ஒன்றையே சொன்னாள்: "பெத்த புள்ளையப் பாத்துக்கத் துப்பில்ல. கையை வுட்டுட்டு நிக்கிறா." ஏன் விட்டாள் என்பதை அவளும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். அந்தக் கலையில் அவர் தேர்ந்தவர்.

மறுநாள் பெரியப்பா ஓர் ஆசாரியோடு வந்தார். உள்தாழ்ப்பாள் எதுவானாலும் அக்கா ஸ்டூல் போட்டாவது திறந்துவிடுவாள் என்பதால், வாசற்கதவின் வெளிப்புறத்தில் கனமான ஒரு தாழ்ப்பாள் போடச் செய்தார். "பிரச்சன தீந்துது" என்று கையைத் தட்டிக்கொண்டார். அப்பா மில்லுக்குப் புறப்படும்போது அதைப் போட்டுவிட்டுப் போவார். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து எக்கி நின்று அதைத் திறப்பது என் வேலை. வீட்டில் எனக்கென்று ஒரு பதவி கிடைத்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. கல்யாணம், காதுகுத்து என்று அழைக்க வருபவர்களும் நாளடைவில் குறைந்துபோனார்கள்.

நான் கதவைத் திறக்கும்போது அக்கா உள்ளே சுவரோரம் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் விரல் விட்டுக்கொண்டு, தலைகூட நிமிராமல் உட்கார்ந்திருப்பாள். திறந்த மறுகணம் வாசலுக்கு ஓடி வருவது அம்மாதான். வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, என்னைத் தாண்டித் தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பாள். பிறகுதான் என் பையை வாங்குவாள். பள்ளிவிட்டு வரும் மகன் மேல் இவ்வளவு ஆசை வேறெந்த வீட்டு அம்மாவுக்கும் இல்லை என்று நான் வகுப்பில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.