எதிர்வீட்டு மாமி தின்ற முறுக்கு

டி.பி. குணமானதும் ஸ்ரீவராகம் கோயில் தெருவில் எங்கள் பட்சண அடுப்பை மறுபடி மூட்டினேன். இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டரே சொல்லியும் ஒரு ஆர்டர்கூட வரவில்லை. காரணம், எதிர்வீட்டு அலமேலு மாமி. "அவ இருமிண்டே சுத்தின முறுக்கு, கேட்டோ" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

ஒருநாள் காலை அந்த மாமியே என் வாசலில் வந்து நின்றாள். பெண்ணின் கல்யாணச் சீருக்குக் கைமுறுக்குதான் வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் பிடிவாதமாம். சுற்றித்தர வேறு ஆளே கிடைக்கவில்லையாம்.

அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்து ஆறிய ஒரு முறுக்கை நீட்டினேன். தெருவுக்கே கேட்கும்படி, "இங்கயே நின்னு சாப்பிடுங்கோ மாமி. அப்பறம் ஆர்டர் எடுத்துக்கறேன்" என்றேன்.

கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். மாமி கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி கடித்தாள்.

"முழுசும்" என்றேன்.

முழுசையும் தின்றாள்.

அதன் பிறகு ஆர்டர்கள் ஒவ்வொன்றாக மறுபடி வரத் தொடங்கின. சீர் முறுக்கையும் குறையில்லாமல் சுற்றிக் கொடுத்தேன். "இனியாவது அவளை மன்னிச்சுடேன்" என்றார் என் கணவர். நான் அடுத்த முறுக்கைச் சுற்றத் தொடங்கினேன்.

என்னைக் குணமாக்கியது மாத்திரைகளா, மாமியின் வாயில் அந்த முறுக்கு நொறுங்கிய சத்தமா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.