முத்திரை வைத்து அனுப்பிய இரத்த ரிப்போட்

நான் வேலை செய்த இரத்தப் பரிசோதனை நிலையம் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருந்தது. லேப் என்றுதான் சொல்வோம். முன்னறையில் ஒரு கம்பியூட்டரும் நானும். திரைக்குப் பின்னால் ஊசி குத்தி இரத்தம் எடுக்கும் பெண், ஹட்டன் ஊர்க்காரி என்பதால் ஹட்டன் பிள்ளை என்போம். உள்ளே மெஷின்களோடு முதலாளி ஐயா. எங்கள் மூன்று பேருக்கும் சோறு போட்டது ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்கே செய்து முடிக்க ஏலாத பரிசோதனைகளை எங்களிடம் தருவார்கள், நாங்கள் ரிப்போட்டை இன்டர்நெட்டில் அனுப்புவோம்.

ஒரு நாள் அவர்களிடமிருந்து அறிவித்தல் வந்தது. மாத முடிவுக்குப் பிறகு முத்திரை இல்லாத ரிப்போட்டை அவர்களுடைய கம்பியூட்டர் ஏற்காது. காகிதத்தில் குத்தும் முத்திரை இல்லை இது. ரிப்போட் எங்களிடமிருந்துதான் வருகிறது, வழியில் ஒருவரும் மாற்றவில்லை என்று ஒரு கம்பியூட்டர் இன்னொரு கம்பியூட்டருக்குக் காட்டும் அத்தாட்சி. அதற்குள் அனுப்பிப் பார்த்துச் சரி வந்தால் வேலை தொடரும். வராவிட்டால் வேறு லேப்.

"இதுக்குக் கொம்பனியளிட்டப் போனா லேபை வித்துத்தான் குடுக்கோணும்" என்றார் ஐயா. "நீர்தானே கம்பியூட்டர் பழகினனீர். பாரும்."

நான் பழகியது கொட்டாஞ்சேனையில் கோயில் மண்டபத்தில் நடந்த டைப்பிங் வகுப்பு. பள்ளிக்கூடப் படிப்பு பத்தோடு நின்றுவிட்டது. ஆனால் வீட்டுக்காரருக்கு முழங்கால் ஏலாமல் போனதிலிருந்து என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் சொஃப்ட்வெயரைச் செய்து தந்த தம்பி இப்போது கனடாவில். வட்ஸ்அப்பில் கேட்டேன்.

"அக்கா, முத்திரை வைக்கிறதுக்கு ஃப்ரீயா ஒரு லைப்ரரி இருக்கு, ஆரோ எழுதி வைச்ச புரோகிராம். ஓப்பன் சோர்ஸ், ஆரும் எடுக்கலாம். நான் அதுக்கு இடம் விட்டுத்தான் செய்தனான். புதுசாத் தொடங்கிற ஆக்களுக்கெண்டு ஒரு பக்கம் இருக்கு. அதில உள்ளதை ஒண்டும் விடாமச் செய்யுங்கோ."

முகம் தெரியாத ஆட்கள் எழுதி, சல்லி கேட்காமல் உலகத்துக்கு விட்டுக்கொடுத்த வேலை. அந்தப் பக்கத்தைத் திறக்க முன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டேன். எதையும் அப்படித்தான் தொடங்குவேன்.

இங்கிலீசை ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துப் பிடித்து வாசித்தேன். முதலில் ஒரு சோடித் திறப்பு, கம்பியூட்டருக்குள்ளேயே இருக்கும் சாவிகள், செய்ய வேண்டும். ஒன்று எங்களிடமே ஒளிந்திருக்கும், முத்திரை வைப்பது அதைக் கொண்டுதான். மற்றதை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க வேண்டும், முத்திரை எங்களுடையதா என்று அவர்கள் பார்ப்பதற்கு. ரிப்போட் எப்போது புறப்பட்டது, எந்நேரம் வரை செல்லுபடியாகும் என்ற நேரமும் கூடவே போகும். பழையதைக் களவெடுத்து யாரும் திரும்ப அனுப்பாமல் இருக்க அந்த ஏற்பாடு.

பக்கத்தில் சொன்னபடி, எங்கள் கம்பியூட்டரிலிருந்து எங்கள் கம்பியூட்டருக்கே ஒரு மாதிரி ரிப்போட்டை அனுப்பினேன். சரி என்று வந்தது. ஹட்டன் பிள்ளை கையுறையோடு ஓடி வந்து பார்த்தாள்.

"அக்கா, இப்ப நீங்க என்ஜினியரு. நாளைக்கு டை கட்டிக்கிட்டு வாங்க."

"முதல்ல அந்த மனுசன்ட கையைப் போய்ப் பிடி, இரத்தம் வடியுது."

ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபோது மறுத்துவிட்டது. பாதுகாப்புச் சோதனையில் தவறியது என்று ஒரு வரி மட்டும். ஏன் என்று இல்லை. காரணத்தைச் சொன்னால் கள்ளனுக்குத் துப்புக் கொடுத்ததாகிவிடுமாம்.

திறப்புத்தான் பிழை என்று நினைத்தேன். அழித்துவிட்டுப் புதிதாகச் செய்தேன். மறுத்தது. முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினேன். மறுத்தது. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தி, எனக்காக இல்லை, மூன்று அடுப்புகளுக்காக என்று மன்றாடினேன்.

"எங்கயோ ஒரு எழுத்தை விட்டிட்டீர்" என்பார் ஐயா, பின்னால் நின்று. அவரும் நித்திரை கொள்ளவில்லை என்பது கண்ணில் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் இதைப் பார்க்கும் சிங்களத் தம்பிக்குப் பல லேப்கள். நான் எத்தனையோ தரம் எடுத்த பிறகு அவர் திருப்பி அழைத்தபோது மாதம் முடிந்திருந்தது.

"அக்கே, உங்கட கம்பியூட்டர்ல இப்ப என்ன டைம்?" என்று சிங்களத்தில் கேட்டார். வாசித்துச் சொன்னேன். சிரித்தார். "நீங்க எங்களுக்கு முன்னால வாழுறீங்களே. இனிமேல்தான் எழுதப்போற ரிப்போட்டை எப்படி ஏற்கிறது?"

எங்கள் லேபில் எல்லா மணிக்கூடும் முன்னுக்குத்தான் ஓடும். ஐயாவின் காலமான மனைவி வைத்த ஒழுங்கு. இராகு காலம் பிறக்க முன் சாமி விளக்கு ஏற்றி, முதல் இரத்தமும் எடுத்துவிட வேண்டும் என்று சுவர் மணிக்கூட்டைத் தள்ளி வைத்தவர், கம்பியூட்டரையும் அதற்கு ஒத்து வைக்கச் சொன்னார். அவருக்குப் பிறகு ஒருவரும் கை வைக்கவில்லை. நாங்கள் மனதுக்குள் கழித்துப் பார்த்துக்கொள்வோம். கழித்துக் கழித்து, கழிக்கிறோம் என்பதே மறந்துவிட்டது. எங்களுக்குள்ளே அனுப்பியபோது இரண்டு பக்கமும் ஒரே நேரம், சண்டை வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

ஐயாவிடம் சொன்னேன். "மாத்தும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நேரத்தைத் திருத்தி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டது. அழைப்பில் இருந்த தம்பியின் குரல்தான் இறங்கிப்போனது. "அக்கே, பெரியாக்கள் முத்திரை சரிவந்த லேப்களின்ட பட்டியலை நேற்று மூடிட்டாங்க. இனி அடுத்த வருசம்தான் புது லேப் எடுப்பாங்க." தன்னால் முடிந்தால் சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னார். சொல்லியும் பார்த்தார், பாவம்.

அடுத்த வருசம் வரை தாங்க ஐயாவால் ஏலவில்லை, லேபை மூடுவதாகச் சொன்னார். ஹட்டன் பிள்ளை மட்டக்குளியில் ஒரு தையல் பக்டரிக்குப் போக ஆயத்தமானாள். கடைசி நாள் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, நம்ம குடுத்த ரிப்போட்டுல எதுவும் பிழை இருந்திச்சா?"

"ஒண்டிலயும் இல்லை."

"அத மட்டும் எழுதித் தரச் சொல்றீங்களா? எப்பவாச்சும் திரும்ப ஊசி வேலைக்குப் போனா காட்டலாம்."

ஐயாவிடம் கேட்டு டைப் பண்ணினேன். அவர் பேனையால் கையெழுத்து வைத்தார். "உமக்கும் ஒண்டு அடியும்" என்றார். என்னுடையதில், கம்பியூட்டர் தெரியும் என்று எழுதலாமா விடலாமா என்று வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.