மருந்துக் கேனில் குடிதண்ணீர்

பல்கலைக்கழக விடுமுறையில் சூழல் மாசு பற்றி ஒரு குறுகிய வகுப்பு நடத்தினார்கள். அவரவர் வீட்டில் குடிக்கும் தண்ணீரைச் சோதிக்கக் கொண்டுவரச் சொன்னார் யாழ்ப்பாணத்து விரிவுரையாளர். வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பொதுவான பீலிக் குழாயில் அம்மா பிடித்துத் தந்தார்.

“நம்ம கேன்லயே கொண்டு போ புள்ள. ஒரு சொட்டு ஒழுகாது.”

அது புல்லைச் சாகடிக்க அடிக்கும் மருந்து வந்த வெள்ளைக் கேன். அப்பா தோட்டத்தில் மருந்தடித்தவர். காலிக் கேன்களுக்கு லயத்தில் அடிபிடி நடக்கும். அப்பா கொண்டுவந்ததை அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்து, சுடுதண்ணீர் ஊற்றி, வாடை போகும்வரை கழுவுவார். பிறகு எங்கள் குடிதண்ணீர் அதில்தான். நல்ல கேன் கிடைத்த வீடு என்று எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

விரிவுரையாளர் மூடியைத் திறக்கவே இல்லை.

“இதைச் சோதிக்கேலாது பிள்ளை. கேனிலயே நஞ்சு ஊறிக் கிடக்கு. வேற போத்தலில கொண்டு வாங்கோ.”

அவர் சொன்னது சரிதான். மற்றவர்களின் கண்ணாடிப் போத்தல்கள் மேசையில் நின்றன. என் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்தேன். அன்று எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அப்பா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அடுப்படியில் இருந்த இன்னொரு கேனையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடைசியா ஒங்கப்பா வாயில ஊத்துன தண்ணியும் இதுல எடுத்ததுதான் புள்ள.”