ஆளுக்கு இரண்டரைக் கிலோ

கொரோனா அடங்கி இரண்டாவது வருடம், மார்ச் மாதம். குன்னத்துகாலில் இருந்த என் அக்காவை ஒரு குட்டி ஆம்புலன்ஸ் விமானத்தில் மும்பைக்குக் கொண்டுபோனோம். நான் இருப்பது பாறசாலையில், அவள் வீட்டுக்கு ஸ்கூட்டரில் போகிற தூரம். அவளுக்குத் தொண்டையில் புற்றுநோய். கதிர்வீச்சு கொடுத்துக் கொடுத்து வாயும் தொண்டையும் உள்ளே வெந்துபோயிருந்தன. ஐஸ் போலக் குளிர்ந்தது மட்டும்தான் இறங்கும். கொஞ்சம் சூடு ஏறிவிட்டாலும் பிளேடை விழுங்குகிற மாதிரி இருக்கிறது என்பாள்.

மும்பையில் இருக்கும் அவள் மகள் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் இடம் பிடித்து, விமானத்துக்கும் ஏற்பாடு செய்திருந்தாள். கூட ஒருவர்தான் போகலாம் என்றார்கள். முறைப்படி போகவேண்டியது அத்தான். மூன்று மாதமாக ராத்திரி பகல் பார்க்காமல் அக்காவுக்குக் கரண்டியால் குளிர்ந்த பாலும் கரிக்கு என்கிற இளநீரும் கொடுத்தது அவர்தான். ஆனால் முப்பத்தோரு வருடம் விமானநிலைய சரக்குப் பிரிவில் இருந்தவன் நான். எந்தப் பெட்டியில் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்று புத்தகத்தைப் பார்க்காமல் சொல்வேன். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை விமானத்தில் ஏறிய அத்தானுக்கு அங்கே என்ன தெரியும்? அப்படியே கேட்டேன், அவர் முகத்துக்கு நேராக.

அவர் ஒன்றும் தர்க்கம் பண்ணவில்லை. "நீ போ மக்கா. உனக்குத்தான் அங்க ஆளு உண்டு" என்றார். கொஞ்சம் கழித்து, "ஐஸ்கட்டிய பிளாஸ்க்ல போட்டு, அதுக்குள்ள பால் குப்பிய வச்சா போரும், கேட்டியா? நான் அப்பிடியாக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது" என்றார்.

அதற்கு அவருக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். ஐஸ் உருகும், தண்ணீர் ஒழுகும், விமானத்தில் ஈரம் ஆகாது, இதற்கெல்லாம் முறை இருக்கிறது. டிரை ஐஸ் என்று ஒன்று உண்டு அத்தான், அது உருகாது, நேரே ஆவியாகப் போய்விடும், ஒரு சொட்டு ஈரம் இருக்காது. பயணிக்கு ஆளுக்கு இரண்டரைக் கிலோ அனுமதி. விமானத்தில் அக்கா, நான், டாக்டர், நர்ஸ் என்று நாலு பேர். ஆக, பத்துக் கிலோ. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். புரிந்ததா என்று நான் கேட்கவில்லை. புரியாதவர்களிடம் பேசித்தான் எனக்குப் பழக்கம்.

நெய்யாற்றின்கரையில் ஐஸ்கிரீம் ஏஜென்சி வைத்திருந்த தெரிந்தவரிடம் டிரை ஐஸ் வாங்கினேன். மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டியில் உடைத்துப் போட்டு, நடுவில், உறைந்துபோகாமல் இருக்கத் துணி சுற்றி, பால் நாலு குப்பி, கரிக்கு நாலு குப்பி. பெட்டியின் மேல் ஒட்டவேண்டிய ஒட்டுத்தாளை ஒட்டி, எடையை எழுதினேன். ஆவி வெளியே போக மூடியில் துளை போடவேண்டும் என்பது விதி. நாலு துளை போட்டேன். அந்த ஆவி வெளியே வந்து பிறகு எங்கே போகும் என்பது படிவத்தில் கேட்கப்படாத கேள்வி. அதனால் நானும் கேட்கவில்லை.

விமானி பெட்டியைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். நான் பழைய பதவியைச் சொன்னேன், விதியைச் சொன்னேன். கையெழுத்துப் போட்டார். டாக்டர் சின்ன வயது. "சாருக்கு அறியாமல்லோ", உங்களுக்குத் தெரியாததா என்று சிரித்தார். பெட்டியை வைக்க வேறு இடமில்லை. உள்ளே நிமிர்ந்து நிற்கக்கூட முடியாது, நம் ஊர் வேனைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். அக்காவின் ஸ்ட்ரெச்சர் ஏறக்குறையத் தரையோடு இருந்தது. அவள் தலைமாட்டில் பெட்டியை வைத்தேன், எடுத்துக் கொடுக்கச் சௌகரியமாக.

ஏறி உட்கார்ந்த பிறகு, யாரோ பெரிய மனிதர் வருகிறார், காத்திருங்கள் என்று தகவல் வந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு விமானிகளும் இறங்கிப் போனார்கள். எஞ்சின் நின்றால் ஏசியும் நிற்கும். பகல் பதினொன்றரை மணி. திறந்த கதவு வழியாக அனல் அடித்தது. பெட்டி சூடாகிவிடுமே என்று எனக்குக் கவலை. கதவைச் சாத்தச் சொன்னது நான்தான்.

அக்காவுக்கு இரண்டு தடவை பால் எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் திறக்கும்போதெல்லாம் வெள்ளைப் புகை வழிந்து தரையில் இறங்கியது. இரண்டாவது தடவை கை தவறிப் பால் கொஞ்சம் பெட்டிக்குள் கொட்டிவிட்டது. குபுகுபுவென்று புகை பொங்கியது. "கண்டோ அக்கா, சினிமாவுல வாறது மாதிரி" என்றேன். அவள்கூடச் சிரித்தாள்.

அரைமணி நேரம் இருக்கும். நர்ஸ் தலை வலிக்கிறது என்றாள். சூடு அம்மா, என்றேன். டாக்டர் கண்ணை மூடி வேகவேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் நெஞ்சு படபடவென்று அடித்தது. வயது, என்று நினைத்தேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எலே மக்கா, மூச்சு எட்டல்ல."

அவள் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தது. ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டியிருந்த மிஷினில் தொண்ணூற்றெட்டு காட்டியது. "பேசாத கிட அக்கா, தொண்ணூத்தெட்டு உண்டு. பயந்தா அப்பிடித்தான் இருக்கும்" என்றேன்.

"எனக்கல்லா தெரியும்" என்றாள்.

நான் மறுபடியும் அந்த எண்ணைத்தான் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அது வியர்த்துச் சிவந்திருந்தது தெரிந்திருக்கும். நர்ஸ் வாந்தி எடுக்கப் பையைத் தேடினாள். தேடுவது எதை என்பது மறந்தவள்போலப் பாதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது கதவு திறந்தது. இன்னும் பத்து நிமிடம் என்று சொல்ல வந்த தரைப் பணியாளர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், தலையை உள்ளே விட்டார். எங்களைப் பார்த்தார். தரையில் கிடந்த புகையைப் பார்த்தார்.

"சாரே, ஈ பெட்டியில் எந்தாணு?"

"டிரை ஐஸ். பத்துக் கிலோ. ஆளுக்கு இரண்டரை வீதம்…"

"டோரும் அடச்சிட்டோ! சட்டம் பின்னே பறயாம் சாரே, ஆதியம் புறத்து இறங்ஙு!"

சட்டமெல்லாம் அப்புறம், முதலில் வெளியே இறங்கு என்று கத்திக்கொண்டே அவர் பெட்டியைத் தூக்கி வெளியே எறிந்தார். குப்பிகள் உடையும் சத்தம் கேட்டது. அப்போதும் நான் ஒட்டுத்தாளைக் காட்டி எதையோ விளக்கிக்கொண்டிருந்தேன் என்று நர்ஸ் பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை. இரண்டு பேர் அக்காவை ஸ்ட்ரெச்சரோடு கதவருகே இழுத்து, அவள் முகத்தை வெளிக்காற்றுக்குத் திருப்பியது மட்டும் நினைவிருக்கிறது. அந்த ஆவிதான் கரியமில வாயு. காற்றைவிடக் கனம், தாழ இருக்கிறவரைத்தான் முதலில் பிடிக்கும். ஆக்சிஜன் குழாய் இருப்பதால் மிஷின் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். இளநிலை ஊழியர்களுக்கு வருடந்தோறும் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆளுக்கு இரண்டரைக் கிலோ என்பது நூற்றைம்பது பேர் உட்கார்கிற, காற்று ஓடிக்கொண்டிருக்கிற விமானத்தை மனதில் வைத்துச் சொன்னது.

கால் மணி நேரத்தில் எல்லோரும் தெளிந்தோம். புறப்பட அனுமதியும் வந்துவிட்டது. அந்தப் பணியாளர் நர்ஸின் டீ பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு கேன்டீனுக்கு ஓடி, அரை பிளாஸ்க் ஐஸ்கட்டியும் ஒரு குப்பி தண்ணீரும் கொண்டுவந்தார். அவ்வளவுதான் கிடைத்தது.

மூன்று மணி நேரத்துக்கு அரை பிளாஸ்க். கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். கோவாவுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. தண்ணீர்க் குப்பியில் கைக்குட்டையை நனைத்துச் சுற்றி, தலைக்கு மேலே குளிர்காற்று வரும் துளையில் கை மரக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். ஓரளவு குளிர்ந்தது. ஒரு மடக்கு விழுங்கியவள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கமாக ஓடியது. பிறகு வேண்டாம் என்று தலையை அசைத்தாள். இறங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, "அவியள கூட்டிட்டு வந்திருக்கலாம் மக்கா" என்றாள். அத்தானைத்தான் சொன்னாள், குறையாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அக்கா மும்பையிலேயே, பத்தொன்பதாம் நாள் இறந்தாள். விமானத்தில் நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவள் ஊர் திரும்பியது சரக்குப் பிரிவு வழியாக. அதற்கான தாள்கள் எல்லாம் சரியாக இருந்தன. நான்தான் நிரப்பினேன்.

குன்னத்துகாலில் சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அத்தான் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மக்கா, பிளேன்ல அவளுக்குத் தணுப்பா குடிக்கக் கிட்டிச்சா?"

"கிட்டிச்சு அத்தான். இறங்குறது வரைக்கும்."

"அது போரும்" என்றார். "நான் போயிருந்தா எனக்கு அதொண்ணும் தெரியாதுல்லா."

இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம், அவளுக்குக் கடைசிவரை ஒரு குறையும் வராமல் தம்பி கொண்டுபோனான், அவன் விவரம் தெரிந்தவனாக்கும் என்று அவர் சொல்லுகிறார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பாரம் குறையும், அவருக்கு ஏறும். அதனால் அந்தப் புகழை ஒவ்வொரு தடவையும் வாய் திறக்காமல் விழுங்கிக்கொள்கிறேன், அது எப்படி இறங்குகிறது என்பது எனக்கு மட்டும் தெரியும்.